பென்சாயிக் ஆசிட் 122ல உருகலன்னா ரெக்கார்டுல என்ன எழுதுறது?

கேள்வி இதுதான்: சென்னையில பி.எஸ்சி கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு தம்பி, ப்ராக்டிகல்ல பென்சாயிக் ஆசிடை சுடுதண்ணியில ரீக்ரிஸ்டலைஸ் பண்ணி (கரைச்சு, ஆறவச்சு, திரும்ப கிரிஸ்டலாக்கி சுத்தம் பண்றது) மெல்டிங் பாயிண்ட் பாத்திருக்கார், அதாவது பொடியை கேப்பிலரிங்கற மெல்லிசான கண்ணாடிக் குழாய்ல போட்டு, தெர்மாமீட்டரோட கட்டி, எண்ணெய்ல இறக்கி சூடு பண்ணி. 114 டிகிரி செல்சியஸ்ல உருக ஆரம்பிச்சு 119ல முழுசா உருகிடுச்சாம். புக்ல 122ன்னு இருக்கு. பக்கத்து டேபிள்ல எல்லாரும் 122ன்னு எழுதிட்டு கையெழுத்து வாங்கிட்டு போயிட்டாங்க, நானும் அப்படியே எழுதிடலாமா, இல்ல சென்னை வெயிலுக்கும் ஈரத்துக்கும் கம்மியாதான் வருமான்னு கேக்கறார். கூடவே இன்னொண்ணு, கேப்பிலரி வச்சு பாய்லிங் பாயிண்ட் பாக்கும்போது எந்த செகண்ட்ல ரீடிங் எடுக்கணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களாம்.

முதல் கேள்விக்கு நேரா பதில்: 114 – 119ன்னே எழுதுங்க தம்பி. பென்சாயிக் ஆசிட் 122ல உருகும்னு ஊருக்கே தெரியும், அதைக் கண்டுபிடிக்கிறதுக்கு உங்களை யாரும் எண்ணெயை சூடு பண்ண சொல்லல. உங்க கையில இருக்குற பொடி எவ்ளோ சுத்தம்னு பாக்கத்தான் இந்த வேலையே. நான் மருந்து கம்பெனியில தரம் பாக்குற க்யூசி பிரிவுல இருக்கேன், ஒரு ராமெட்டீரியல் வந்து அதோட மெல்டிங் ரேஞ்ச் ஸ்பெசிஃபிகேஷனுக்கு வெளிய போச்சுன்னா அந்த லாட் அப்படியே நிக்கும், யாரும் புக்கை பாத்து நம்பர் போட்டு உள்ள விட முடியாது. காலேஜ்ல மட்டும்தான் சரியா பாத்தவனுக்கு மார்க் குறையுது, பாக்காம எழுதினவனுக்கு ஃபுல் மார்க் விழுது, இது பசங்க தப்பு இல்ல, திருத்துற முறையோட தப்பு.

இப்ப உங்க நம்பரை படிப்போம், ஏன்னா அதுல நெறைய விஷயம் இருக்கு. கம்மியா வந்திருக்கு, அதோட அஞ்சு டிகிரி விரிஞ்சும் இருக்கு. இந்த ரெண்டும் சேந்து வந்தா பெரும்பாலும் சாம்பிள்லதான் ஏதோ கலந்திருக்குன்னு அர்த்தம். அதுவே 118.5 – 119ன்னு டக்குனு ஒரே இடத்துல உருகியிருந்தா நான் சாம்பிளை சந்தேகப்பட மாட்டேன், தெர்மாமீட்டரைத்தான் சந்தேகப்படுவேன். தெர்மாமீட்டர் தப்பா இருந்தா எல்லா நம்பரையும் ஒரே அளவுக்கு தள்ளும், விரிக்காது. அதனாலதான் ரெண்டு நம்பர் எழுதணும்னு சொல்றது, ஒத்த நம்பர் எழுதினா எது கெட்டுப்போச்சுன்னே தெரியாம போயிடும்.

கலப்படம் இருந்தா ஏன் கீழ இறங்குது? உருகின திரவத்துல அந்த கலப்படம் கரைஞ்சு நிக்குது, திடப்பொருளுக்குள்ள அதுக்கு இடம் கிடையாது. அதனால திரவ நிலைக்கு ஒரு சாதகம் வந்துடுது, சுத்தமா இருந்தா 122 வரைக்கும் தாக்குப்பிடிக்கிற கிரிஸ்டல் இப்ப அதுக்கு முன்னாடியே கரைஞ்சு இறங்க ஆரம்பிக்குது. முதல் துளி உருகும்போது கலப்படம் அதுல அடர்த்தியா இருக்கும், போகப்போக உருகுற பென்சாயிக் ஆசிட் கூடிக்கிட்டே போயி அந்த திரவம் நீர்த்துப்போகும், அதுக்கேத்த மாதிரி டெம்பரேச்சரும் ஏறிக்கிட்டே போகும், இதுதான் அந்த அஞ்சு டிகிரி. இதை கண்ணால பாக்கணும்னா நாட்டு மருந்து கடையில பச்சைக்கற்பூரம், ஓம உப்பு, புதினா உப்பு மூணும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குங்க. தனித்தனியா மூணும் கெட்டி, கற்பூரம் 175க்கு மேல, ஓம உப்பு 50 பக்கம், புதினா உப்பு 42 பக்கம் உருகும். மூணையும் ஒரு பாட்டில்ல போட்டு குலுக்கி வச்சா அடுப்பே இல்லாம தைலமா ஆயிடும். நம்ம வீட்டுல தலைவலிக்கு தடவுறது அதுதான், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து யூடெக்டிக்குக்கு (கலந்த பொருள் எல்லாத்தையும் விட கீழான டெம்பரேச்சர்ல உருகுற கலவை) உதாரணம் கேட்டா இதைச் சொல்லுங்க, சந்தோஷப்படுவார்.

உங்க சாம்பிள்ல என்ன கலந்திருக்கும்? என் கெஸ் தண்ணிதான். பென்சாயிக் ஆசிட் கொதிக்கிற தண்ணியில நல்லா கரையும், ஆறினா லிட்டருக்கு 3 கிராம் சொச்சம்தான் கரைஞ்சு நிக்கும், அதனாலதான் எல்லா காலேஜ்லயும் இதை வச்சு ரீக்ரிஸ்டலைசேஷன் சொல்லித்தராங்க. ஆனா ஃபில்டர் பண்ணதும் அந்த ஊசி ஊசியான கிரிஸ்டலுக்கு நடுவுல தண்ணி புடிச்சு நிக்கும், ஃபில்டர் பேப்பர்ல ஒத்தி எடுத்து அரை மணி நேரத்துல கேப்பிலரியில போட்டா இப்படித்தான் வரும், அதுவும் நவம்பர் மாசம் சென்னையில துணியே காயாது, இது எங்க காயப்போகுது. நீங்க கேட்ட ஈரத்தோட பங்கு இவ்ளோதான். காத்துல ஈரம் இருக்குன்னா பென்சாயிக் ஆசிடோட மெல்டிங் பாயிண்ட் மாறாது, உங்க பொடி காயாததுதான் பிரச்சினை. வெளியில 40 டிகிரி வெயில் அடிக்குதுங்கறதாலயும் ஒண்ணும் ஆகாது, உருகுற டெம்பரேச்சர் ரூம் டெம்பரேச்சரை கேட்டு நடக்காது. ஒரு வாட்ச் கிளாஸ்ல பரப்பி, நீரில்லாத கால்சியம் குளோரைடு போட்ட டெசிகேட்டர்ல (ஈரம் போக காயவைக்கிற மூடின பாத்திரம்) ராத்திரி முழுக்க வச்சுட்டு மறுநாள் பாருங்க. அவசரம்னு ஓவன்ல 100 டிகிரிக்கு தள்ளாதீங்க, பென்சாயிக் ஆசிட் மெல்ல ஆவியா போயி ஓவனோட செவுத்துல வெள்ளையா படியும்.

காயவச்ச பிறகு 121 – 122 வந்துட்டா கதை முடிஞ்சது, ரெண்டையும் ரெக்கார்டுல போடுங்க, காயுறதுக்கு முன்னாடி இவ்ளோ, பின்னாடி இவ்ளோன்னு. அப்பவும் 114லயே நின்னா இன்னொரு தடவை ரீக்ரிஸ்டலைஸ் பண்ணணும், வேற ஏதோ இருக்கு.

சரி, பாக்குற விதத்துக்கு வருவோம். பாதி பேருக்கு கேப்பிலரியிலயே சொதப்புது. கேப்பிலரியோட ஒரு முனையை பர்னர் தணல்ல ஓரமா காட்டி சுத்திக்கிட்டே மூடணும், நடுத்தணல்ல குத்துனா வளைஞ்சு கொக்கியா போயிடும். மூடினதும் லென்ஸ் வச்சு பாருங்க, ஒரு மயிரிழை ஓட்டை இருந்தாலும் எண்ணெய் உள்ள ஏறும். எண்ணெய் ஏறினா என்ன ஆகும் தெரியுமா, வெள்ளைப் பொடி எண்ணெய்ல நனைஞ்சு கண்ணாடி மாதிரி தெளிவாயிடும், நீங்க உருகிடுச்சுன்னு 90லயே எழுதிடுவீங்க. பொடியை நல்லா நைஸா அரைக்கணும். ஒரு நீளமான கிளாஸ் ட்யூபை டேபிள் மேல நிக்கவச்சு அது வழியா கேப்பிலரியை நாலஞ்சு தடவை கீழ போட்டா பொடி தானா அடியில இறுகும். உயரம் 2 – 3 மில்லிமீட்டர் போதும். நெறைய போட்டா நல்லா தெரியும்னு ஒரு சென்டிமீட்டர் அடைக்கிறாங்க, அடி உருகி மேல உருகுறதுக்குள்ள டெம்பரேச்சர் ரெண்டு மூணு டிகிரி ஏறிடும், சுத்தமான சாம்பிளே அசுத்தம் மாதிரி தெரியும்.

கேப்பிலரியை தெர்மாமீட்டரோட சின்ன ரப்பர் வளையத்தால கட்டுவோம் இல்லையா, அந்த வளையம் எண்ணெய் மட்டத்துக்கு மேல இருக்கணும், சூடாகும்போது எண்ணெய் விரிஞ்சு மேல வரும்ங்கறதையும் கணக்கு பண்ணிக்கோங்க. சூடான எண்ணெய்ல ரப்பர் ஊறி அறுந்துச்சுன்னா கேப்பிலரி அடியில போய் படுத்துக்கும், அப்பறம் எடுக்க முடியாது. பொடி இருக்குற இடம் தெர்மாமீட்டர் பல்புக்கு நேரா நடுவுல. தீலே ட்யூப் (எண்ணெய் ஊத்தி சூடு பண்ற, பக்கத்துல கை வச்ச கண்ணாடிக் குழாய்) இருந்தா பக்கத்துல வளைஞ்சிருக்குற கையைத்தான் சூடு பண்ணணும், நேர் அடியை இல்ல. யோஹன்னஸ் தீலேங்கற ஜெர்மன்காரர் 1907ல இந்த வடிவத்தை கொண்டுவந்ததே அதுக்குத்தான், வளைஞ்ச கையில சூடான எண்ணெய் மேல ஏறி, ட்யூபுக்குள்ள இறங்கி, தானா சுத்தி வரும், கலக்கி விடவே வேணாம். கார்க்ல பக்கவாட்டுல ஒரு வெட்டு இருக்கணும், அது தெர்மாமீட்டரைப் படிக்க மட்டும் இல்ல, காத்து வெளிய போகவும்தான். இறுக்க மூடின ட்யூபை சூடு பண்ணா மூஞ்சியில வெடிக்கும், இதை மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க.

எண்ணெய் பத்தி ஒரு புலம்பல். லிக்விட் பாரஃபின் புதுசா இருக்கும்போது தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், வருஷக்கணக்கா மாத்தாம டீ டிக்காஷன் கலர்ல வச்சிருக்குற லேப் இருக்கு, அதுல கேப்பிலரியே தெரியாது, அப்பறம் பையன் 122ன்னு எழுதாம என்ன பண்ணுவான். 200 டிகிரி தாண்டினா பாரஃபின் புகைய ஆரம்பிக்கும், அதுக்கு மேல பாக்கணும்னா சிலிக்கான் ஆயில் கேளுங்க. எண்ணெய்ல தண்ணி சொட்டு விழுந்திருந்தா 100 பக்கம் வரும்போது படபடன்னு தெறிக்கும், அதனால கழுவின ட்யூபை நல்லா காயவச்சுட்டுதான் எண்ணெய் ஊத்தணும். பழைய காலத்துல கான்சென்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக் ஆசிட்ல பாத்திருக்காங்க, இப்பவும் யாராவது அப்படி பாக்க சொன்னா பண்ணாதீங்க.

வேகம். முதல் கேப்பிலரியை வேகமா, நிமிஷத்துக்கு 10 டிகிரி போல ஏத்தி எங்க உருகுதுன்னு உத்தேசமா பாத்துக்கோங்க. அப்பறம் எண்ணெய் 20 டிகிரியாவது இறங்கட்டும், புது கேப்பிலரி போட்டு, கடைசி 10 – 15 டிகிரிக்கு நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு டிகிரிக்கு மேல போகவே கூடாது. பர்னரை காட்டி காட்டி எடுங்க. வேகமா ஏத்தினா எண்ணெய் ஒரு டெம்பரேச்சர்ல இருக்கும், பாதரசம் ஒண்ணு காட்டும், பொடி இன்னொண்ணுல இருக்கும், மூணும் ஒத்துப்போகாது, ரேஞ்ச் விரியும், முடிவு நம்பர் பெரும்பாலும் கூடத்தான் காட்டும். உங்களுக்கு கம்மியா வந்திருக்கு, அதனால வேகத்து மேல பழி போட முடியாது. ஒரு தடவை உருகி உறைஞ்ச கேப்பிலரியையே திரும்ப போடாதீங்க, சிலது உருகும்போதே கொஞ்சம் சிதைஞ்சிருக்கும், சிலது வேற கிரிஸ்டல் வடிவத்துல உறையும்.

எதை ஆரம்பம்னு எடுத்துக்கறது? உருகுறதுக்கு சில டிகிரி முன்னாடி பொடி சுருங்கி கண்ணாடியை விட்டு விலகும், ஓரம் லேசா ஈரமான மாதிரி மினுக்கும், அது இன்னும் உருகல, அதை தனியா குறிச்சு வேணா வச்சுக்கலாம். நிஜமான திரவத்துளி கண்ணுக்கு தெரியுற செகண்ட்தான் முதல் நம்பர், கடைசி கிரிஸ்டல் மறைஞ்சு தெளிவான செகண்ட் ரெண்டாவது. சுத்தமான பொருள்ல இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு டிகிரிக்குள்ளதான் இருக்கும். கூடவே கலர் மாறுதா, நுரைக்குதான்னும் பாருங்க. சர்க்கரை மாதிரி பொருள் உருகும்போதே கருகும். ஆஸ்பிரின் 135 பக்கம்னு புக் சொல்லும், ஆனா கீழேருந்து மெதுவா ஏத்திட்டு வந்தா வழியிலேயே சிதைஞ்சு கம்மியா காட்டும், அதனால எண்ணெயை 120 வரைக்கும் முன்னாடியே ஏத்திட்டு அப்பறம் கேப்பிலரியை இறக்கணும். கற்பூரம் மாதிரி ஆவியா ஓடுறதுக்கு கேப்பிலரியோட ரெண்டு முனையையும் மூடணும்.

இன்னொரு விஷயம், எனக்கு ரொம்ப புடிச்சது. பென்சாயிக் ஆசிடும் 122, பீட்டா நாஃப்தாலும் 122 பக்கம்தான். லேபிள் இல்லாத வெள்ளைப் பொடி 122ல டக்குனு உருகுது, இது எது? ரெண்டு பாட்டில்லயிருந்தும் கொஞ்சம் எடுத்து உங்க பொடியோட தனித்தனியா சமமா அரைச்சு கலந்து ரெண்டு கேப்பிலரி போடுங்க. எது கூட கலந்தும் 122லயே நிக்குதோ அதுதான் உங்க பொடி, மத்தது நல்லாவே கீழ இறங்கி விரிஞ்சு உருகும். யூரியாவும் சின்னமிக் ஆசிடும் இதே கதை, ரெண்டும் தனியா 133, பாதிப்பாதி கலந்தா 100 பக்கத்துலேயே உருக ஆரம்பிச்சுடும். இன்னிக்கு ஐஆர், என்எம்ஆர்னு பொருளை அடையாளம் காட்டுற கருவி எல்லாம் இருக்கு, ஆனா ரெண்டு கேப்பிலரி செலவுல இவ்ளோ உறுதியான பதில் தர்ற டெஸ்ட் வேற என்ன இருக்கு சொல்லுங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, யூடெக்டிக் விகிதத்துல சரியா கலந்த கலவை சுத்தமான பொருள் மாதிரியே டக்குனு உருகும், அபூர்வம்தான், ஆனா வைவால (வாய்மொழித் தேர்வுல) கேப்பாங்க.

பாய்லிங் பாயிண்ட். ரெண்டு சொட்டுதான் இருக்குன்னா சிவோலோபாஃப் முறை, 1886லேருந்து இருக்கு. ஃபியூஷன் ட்யூப்ங்கற சின்ன கண்ணாடிக் குழாய்ல திரவத்தை விட்டு, ஒரு பக்கம் மூடின கேப்பிலரியை திறந்த வாய் கீழ வர்ற மாதிரி தலைகீழா உள்ள போட்டு, தெர்மாமீட்டரோட கட்டி எண்ணெய்ல இறக்குறோம். சூடு ஏறினா முதல்ல ஒண்ணு ரெண்டா குமிழி வரும், அது உள்ள இருந்த காத்து விரிஞ்சு வெளிய வர்றது, கண்டுக்காதீங்க. அப்பறம் ஒரு கட்டத்துல விடாம சரசரன்னு மாலை கோத்த மாதிரி குமிழி ஓடும். இங்கதான் பாதி பேர் ரீடிங் எடுக்குறாங்க, இது தப்பு, ஏன்னா அந்த நேரம் எண்ணெய் ஏற்கனவே பாய்லிங் பாயிண்டை தாண்டி போயிருக்கும். பர்னரை எடுத்துடுங்க. குமிழி மெல்ல மெல்ல குறையும், கடைசி குமிழி வாயில தொங்கி நிக்கும், அடுத்த செகண்ட் திரவம் கேப்பிலரிக்குள்ள ஏற ஆரம்பிக்கும். அந்த நொடிதான் ரீடிங். காரணம் சிம்பிள்: குமிழி ஓடி ஓடி காத்தெல்லாம் வெளிய போயி இப்ப உள்ள இருக்குறது வெறும் ஆவி, அந்த ஆவியோட அழுத்தமும் வெளிய இருக்குற காத்தோட அழுத்தமும் சமமா இருக்குற ஒரே நொடி அது, கொதிநிலைங்கறதே அதுதானே. திரவம் முழுசா உள்ள ஏறிடுச்சுன்னா அந்த கேப்பிலரி அவ்ளோதான், புதுசு போட்டு இன்னொரு தடவை பாருங்க, ரெண்டும் ஒரு டிகிரிக்குள்ள வரணும்.

நெறைய திரவம் இருந்தா டிஸ்டிலேஷன்ல பாக்கலாம். தெர்மாமீட்டர் பல்போட மேல்விளிம்பு சைடு ஆர்முக்கு (ஆவி வெளிய போற பக்கக் குழாய்) லேசா கீழ இருக்கணும், பல்ப் மேல எப்பவும் ஒரு சொட்டு திரவம் ஈரமா தொங்கணும், காய்ஞ்ச பல்ப் காட்டுற நம்பரை எழுதாதீங்க. உடைஞ்ச பீங்கான் துண்டு ரெண்டு ஆரம்பத்துலேயே போட்டுடுங்க, மறந்துட்டு சூடான பிறகு போட்டா மொத்தமும் பொங்கி வெளிய வரும். 140க்கு மேல கொதிக்கிறதுக்கு தண்ணி கண்டென்ஸர் (ஆவியைக் குளிர வைக்கிற குழாய்) வேணாம், கண்ணாடி விரிசல் விடும், ஏர் கண்டென்ஸர் போதும். ஈதர், அசிட்டோன் இதுக்கெல்லாம் பர்னர் பக்கமே போகக்கூடாது, வாட்டர் பாத்லதான் (சுடுதண்ணி தொட்டி) சூடு பண்ணணும்.

இங்கதான் ஊர் நிஜமாவே கணக்குல வரும், மெல்டிங் பாயிண்ட்ல இல்ல. பாய்லிங் பாயிண்ட் காத்தழுத்தத்தைப் பொறுத்தது, 760 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் பக்கத்துல 10 மில்லிமீட்டர் குறைஞ்சா சுமாரா அரை டிகிரி குறையும். சென்னை கடல்மட்டத்துல இருக்கு, அதனால நமக்கு கவலை இல்ல, புயல் சின்னம் பக்கத்துல வந்து பிரஷர் 990 மில்லிபாருக்கு இறங்கினாக்கூட ஒரு டிகிரிக்குள்ளதான் வித்தியாசம். அதே சாம்பிளை ஊட்டி காலேஜ்ல பாத்தா வேற நம்பர், அங்க தண்ணியே 92, 93ல கொதிக்குது. சென்னை வெயில் காட்டுற வேலை வேற விதம்: ஃபீனால் 41ல உருகும், கொஞ்சம் ஈரம் புடிச்சா இன்னும் கீழயே, அதனால மே மாசம் பாட்டில்ல பாதி திரவமா நிக்கும். டெர்ஷியரி பியூட்டனால் 25ல உருகும், ஏசி ரூம்ல கெட்டி, வெளிய கொண்டுவந்தா தண்ணி. அசிட்டிக் ஆசிட் 16.6ல உறையும், இங்க படிக்கிற பசங்க அதை உறைஞ்சு பாத்திருக்கவே மாட்டாங்க.

அனிலின், நைட்ரோபென்சீன் மாதிரி திரவத்தோட பாய்லிங் பாயிண்ட் ரீடிங் எல்லாம் மூணு நாலு டிகிரி கம்மியா வந்தா பயப்படாதீங்க, அது தெர்மாமீட்டர் தண்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குறதால. வெளிய இருக்குற பாதரசம் குளிர்ந்து சுருங்கியிருக்கும். 0.00016ஐ வெளிய நிக்குற டிகிரி எண்ணிக்கையால பெருக்கி, ரீடிங்குக்கும் தண்டோட சராசரி டெம்பரேச்சருக்கும் உள்ள வித்தியாசத்தால பெருக்கி கூட்டிக்கோங்க. 200 காட்டுது, 150 டிகிரி அளவு வெளிய நிக்குது, தண்டு நடுவுல 50ன்னா 3.6 கூடும், நிஜம் 203.6. தெர்மாமீட்டர்லயே எவ்ளோ ஆழம் முக்கணும்னு கோடு போட்டிருந்து, அந்த கோடு வரைக்கும் முக்கியிருந்தா இந்த கணக்கு தேவையில்ல.

ஆனா பாய்லிங் பாயிண்டை மட்டும் வச்சு பேர் சொல்லிடாதீங்க. பென்சீன் 80.1, சைக்ளோஹெக்சேன் 80.7, உங்க தெர்மாமீட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான். 95.6 சதவீத எத்தனால் தண்ணியோட சேந்தே 78.2ல கச்சிதமா கொதிக்கும், நம்பர் மாறவே மாறாது, ஆனா அது சுத்தம் இல்ல. அதனாலதான் திரவத்தை கெட்டியா ஒரு டெரிவேட்டிவ் (அதுலேருந்து செய்யுற வேற சேர்மம்) ஆக்கி அதோட மெல்டிங் பாயிண்ட் பாக்க சொல்றாங்க, நைட்ரோபென்சீனை டைநைட்ரோ ஆக்கினா 90, அனிலினை பென்சாயிலேட் பண்ணா 163, இதெல்லாம் சந்தேகமில்லாம நிக்கும்.

நாளைக்கு லேப்புக்கு போனதும் முதல்ல அந்த தெர்மாமீட்டரை உருகுற ஐஸ்லயும் கொதிக்கிற தண்ணியிலயும் வச்சு 0, 100 காட்டுதான்னு பாத்துடுங்க, காய்ஞ்ச சாம்பிளோட ரேஞ்சையும் சேத்து சொல்லுங்க. மூணு நம்பரும் வந்தா தப்பு பொடியிலயா தெர்மாமீட்டர்லயான்னு உடனே சொல்லிடலாம்.